வாசலில் வந்தவரும் வாட்ஸ்அப்பில் வந்தவரும்

கேள்வி: சிங்கப்பூர் யீஷூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவரின் சிறிய கேட்டரிங் தொழில் நொடித்தபோது வீட்டுச் செலவையும் பிள்ளைகளின் டியூஷனையும் என் கிரெடிட் கார்டில் ஓட்டினேன். இப்போது 11,400 வெள்ளி நிற்கிறது. எட்டு மாதமாகக் குறைந்தபட்சத் தொகைகூடக் கட்டவில்லை. போன மாதம் வசூல் கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். மாமியார் மட்டும்தான் இருந்தார். இரும்புக் கதவில் ஒரு கடிதத்தைச் செருகிவிட்டு, "மருமகளைப் போன் பண்ணச் சொல்லுங்கள்" என்று சொல்லிப் போயிருக்கிறார். இந்த வாரம் வேறொருவர் வாட்ஸ்அப்பில் அழைக்கிறார். என் பெயர், அடையாள அட்டையின் கடைசி நான்கு எழுத்து, வங்கியின் பெயர் எல்லாம் சரியாகச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 4,500 வெள்ளியைக் கைப்பேசி எண் வழியாகப் பணம் அனுப்பும் பேநவ் வசதியில் அனுப்பினால் முழுக் கடனும் தீர்ந்துவிடுமாம். இல்லாவிட்டால் கணக்கை முடக்கி, என்னைத் திவாலாக்கி, வாசலில் நோட்டீஸ் ஒட்டுவாராம். சேமிப்பில் 5,200 வெள்ளி இருக்கிறது. அதுவும் அதே வங்கியில்தான். சம்பளமும் அங்கேதான் வருகிறது. கணவரோ வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கடன் விளம்பரத்தைக் காட்டி, அங்கே வாங்கி இதை அடைத்துவிடலாம் என்கிறார். மாமியாருக்கு எதுவும் தெரியாது. பார்சல் ஆள் வந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறேன். பணத்தை அனுப்பிவிடலாமா?
– பெயர் வேண்டாம், யீஷூன்

பதில்:

அன்புள்ள சகோதரி,

வெள்ளிக்கிழமைக் கெடுவைப் பார்த்ததுமே "அனுப்பாதீர்கள்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டேன். "இன்னும் அனுப்பவில்லை" என்று நீங்கள் பதில் எழுதிய பிறகுதான் எனக்கு நிம்மதி. இனி விவரமாகப் பேசுவோம்.

உங்கள் கடன் உண்மை. அதை நீங்களும் மறுக்கவில்லை. ஆனால் கடன் உண்மை என்பதால் அதைக் கேட்டு வருகிறவர் எல்லாரும் உண்மையானவர் ஆகிவிட மாட்டார். கடன் வைத்திருப்பவர்களுக்கு இது பிடிபடுவதே இல்லை. "வாங்கியது நான்தானே, எந்த முகத்தோடு எதிர்க்கேள்வி கேட்பது?" என்று ஒரு குற்ற உணர்வு. அந்தக் குற்ற உணர்வுதான் ஏமாற்றுக்காரனுக்கு முதலீடு. பதினேழு ஆண்டுகள் வங்கியில் கடன் மீட்புப் பிரிவில் இருந்தவன், இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆலோசனை சொல்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: யார் நீங்கள், யாருக்காக வந்திருக்கிறீர்கள், எழுத்தில் காட்டுங்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எட்டு மாதம் கட்டாமல் இருந்தாலும் உண்டு.

முதலில் வாசலில் வந்தவர். நீங்கள் படம் பிடித்து அனுப்பிய கடிதத்தைப் பார்த்தேன். கம்பெனிப் பெயர், முகவரி, தரைவழித் தொலைபேசி எண், யார் சார்பாக வசூலிக்கிறார்கள், உங்கள் கணக்குக்கு ஒரு குறிப்பு எண் எல்லாம் இருக்கின்றன. கார்டு பாக்கி பல மாதம் நின்றால் வங்கி அதை வெளி வசூல் நிறுவனத்திடம் கொடுப்பது வழக்கம். ஆகவே இவர் நிஜமான வசூல்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் கடிதம் நன்றாக அச்சிடப்பட்டிருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். 2022-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கடன் வசூல் சட்டத்தின்படி, பிறருக்காகக் கடன் வசூலிக்கும் நிறுவனம் காவல்துறையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். களத்தில் இறங்கி வசூலிக்கும் ஆளுக்கும் காவல்துறையின் ஒப்புதல் வேண்டும். அதனால் உரிமம் பற்றிக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அவர் செய்யக்கூடியது என்ன? வீட்டுக்கு வந்து மரியாதையாகக் கேட்கலாம். கடிதம் கொடுக்கலாம். போன் பண்ணலாம். அவ்வளவுதான். வீட்டுக்குள் நுழைய முடியாது, ஒரு நாற்காலியைக்கூடத் தூக்க முடியாது, உங்கள் கணக்கை முடக்க முடியாது. பொருளைப் பறிமுதல் செய்வதும் வெளியார் உங்கள் கணக்கில் கைவைப்பதும் நீதிமன்ற ஆணையோடுதான் நடக்கும்; அதை நிறைவேற்ற வருபவர் நீதிமன்ற அதிகாரி, வசூல் கம்பெனி ஆள் அல்ல. கடனைக் கட்ட முடியாமல் போவது இங்கே குற்றமும் அல்ல. அது சிவில் விவகாரம். "போலீஸைக் கூட்டி வருவேன்" என்று யாராவது சொன்னால், "சரி, கூட்டி வாருங்கள்" என்றே சொல்லலாம்.

மிரட்டினால், வசைபாடினால், அண்டை வீட்டுக் கதவைத் தட்டி உங்கள் மானத்தை வாங்கினால் கதை வேறு. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014-லிருந்து இருக்கிறது. அதற்கென்று தனி நீதிமன்றமே 2021-இல் வந்துவிட்டது. அங்கே பாதுகாப்பு ஆணை கேட்டு விண்ணப்பிக்கலாம், போலீஸில் புகாரும் கொடுக்கலாம். எதைச் செய்யவும் கையில் ஆதாரம் வேண்டும். இன்றிலிருந்து ஒரு நோட்டில் தேதி, மணி, யார் வந்தது, என்ன சொன்னது என்று எழுதிவையுங்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி வாட்ஸ்அப்காரர். இவர்மேல் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. அடையாள அட்டை எண் தெரிந்திருப்பது எதற்கும் சான்று அல்ல. எத்தனை கடையில், எத்தனை அதிர்ஷ்டக் குலுக்கில் எழுதிக் கொடுத்திருப்போம்! அந்த எண் ஆளைக் குறிக்கத்தான், அதைக் கடவுச்சொல் மாதிரி நம்பக்கூடாது என்று அரசாங்கமே சொல்லி வருகிறது. எந்த வங்கி என்பதை அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்கிறீர்களா? முதல் அழைப்பில் அவர் கேட்டு, பதற்றத்தில் நீங்களே சொல்லியிருக்கலாம். நினைவுபடுத்திப் பாருங்கள்.

போன வருடம் தேக்கா பக்கம் ஒரு காப்பிக்கடையில் ஒருவர் தன் கைப்பேசியை என் முன்னால் வைத்தார். அவருக்கும் இதே கதை, இதே மாதிரி பாதித் தள்ளுபடி. "இப்போதே அனுப்பட்டுமா அண்ணே?" என்றார். எண்ணை மட்டும் தட்டுங்கள், அனுப்ப வேண்டாம் என்றேன். தட்டினார். பேநவ் திரையில் பெறுபவர் பெயர் வந்தது. வங்கியும் இல்லை, வசூல் நிறுவனமும் இல்லை. யாரோ ஒரு தனி மனிதரின் பெயர். "நீங்கள் கடன் வாங்கியது இவரிடமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைப்பேசியைத் திருப்பி வைத்தார். காப்பி ஆறிப்போயிருந்தது. கார்டுக் கடனுக்கான பணம் எந்தக் காலத்திலும் ஒரு தனி ஆளின் கைப்பேசி எண்ணுக்குப் போகாது. இன்னொன்று: திரையில் கம்பெனிப் பெயர் போலத் தெரிந்தாலும் அது போதாது. 

உண்மையா பொய்யா என்று அவரிடமே கேட்டு ஆராயாதீர்கள். உங்கள் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அவர் அனுப்பிய எண்ணும் வேண்டாம், இணையத்தில் தேடியதும் முதலில் வந்து நிற்கும் எண்ணும் வேண்டாம். வங்கியிடம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். என் கணக்கு இப்போது உங்களிடமே இருக்கிறதா, வெளியில் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் எந்த நிறுவனத்திடம்? இன்றைய தேதிக்கு முழு பாக்கி எவ்வளவு? 4,500 வெள்ளியில் தீர்வு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? பேசிய அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் அந்த நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எந்த வங்கியிலாவது மறந்துபோன பாக்கி இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், கிரெடிட் பியூரோ சிங்கப்பூரில் சிறு கட்டணம் கட்டி உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆள் மோசடிக்காரனா என்று தெரியவில்லையென்றால் 1799-க்கு அழையுங்கள். அது ஸ்கேம்ஷீல்டு உதவி எண்.

தள்ளுபடித் தீர்வு என்பதே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். வங்கிகள் சில சமயம் ஒரே தவணையில் குறைத்து வாங்கிக்கொண்டு கணக்கை முடிப்பது உண்டு. ஆனால் முறை இப்படி: இன்ன தொகையைப் பெற்றுக்கொண்டு இந்தக் கடனை முழுமையாகவும் இறுதியாகவும் தீர்த்துக்கொள்கிறோம் என்று வங்கியின் கடிதம் முதலில் வர வேண்டும், பணம் அதற்குப் பிறகு போக வேண்டும், அதுவும் உங்கள் கார்டுக் கணக்குக்கோ கடிதத்தில் குறித்த நிறுவனக் கணக்குக்கோ. கட்டி முடித்ததும் பாக்கி ஏதும் இல்லை என்ற கடிதத்தையும் வாங்கி வைக்க வேண்டும். வாய்ப்பேச்சில் முடித்த தீர்வு, இரண்டு வருடம் கழித்து மீதிக் கடனாகத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் வங்கிக் கணக்கு. நீங்கள் திருடனுக்கு மட்டும்தான் பயப்படுகிறீர்கள். நீங்கள் யோசிக்காத இன்னொரு பக்கம் இருக்கிறது. கடனும் அதே வங்கி, சேமிப்பும் அதே வங்கி, சம்பளமும் அதே வங்கி. கணக்குத் திறக்கும்போது கையெழுத்துப் போட்ட நிபந்தனைகளில், உங்கள் பாக்கிக்கு உங்கள் வைப்புப் பணத்தை ஈடுகட்டிக்கொள்ளும் உரிமை பொதுவாக வங்கிக்கு இருக்கும். அதற்கு நீதிமன்றம் போக வேண்டிய அவசியம் இல்லை. சம்பளம் வந்த நாள் காலையில் கணக்கில் பணம் இல்லாமல், வீட்டுக் கடன் தவணையும் மின்கட்டணமும் திரும்பிப் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆகவே, கடன் எதுவும் இல்லாத வேறொரு வங்கியில் ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கைத் திறந்து, சம்பளத்தை அங்கே மாற்றிவிடச் சொல்லுங்கள். கைரோ மூலம் கணக்கிலிருந்து தானாகப் போகிற கட்டணங்களையும் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். இது கடனை ஏமாற்றுவது அல்ல. அரிசிக்கும் வாடகைக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிவிட்டு, கடனுக்கு எவ்வளவு என்பதை நீங்கள் தீர்மானிப்பதற்காக. ஆனால் பணத்தை மாமியார் பெயரிலோ மகன் பெயரிலோ மாற்றி ஒளிக்காதீர்கள். அது பிற்பாடு சட்டச் சிக்கலைக் கொண்டுவரும், அந்தப் பெரியவரையும் உள்ளே இழுத்துவிடும்.

திருடன் பக்கத்துக்கு வருவோம். டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி மூன்றும் 2023 நவம்பரிலிருந்து பணத்தைப் பூட்டி வைக்கும் வசதியைத் தருகின்றன; ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரில். பூட்டிய தொகையை இணையம் வழியாக யாராலும் அனுப்ப முடியாது, உங்கள் கைப்பேசி அடுத்தவன் கையில் இருந்தாலும்கூட. அவசரச் சேமிப்பை அதில் போடுங்கள். தினசரிப் பரிமாற்ற உச்சவரம்பு எவ்வளவு என்று பாருங்கள். பலருக்கு அது ஆயிரக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. உங்களுக்கு 500 போதும் என்றால் 500 வையுங்கள். சின்னப் பரிவர்த்தனைக்கும் தகவல் வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். எங்கேயோ கைதவறி எதையோ தட்டிவிட்டோம் என்று தோன்றினால், வங்கியின் அவசர முடக்க வசதி உண்டு. ஒரே அழுத்தில் கணக்கை நீங்களே முடக்கலாம். அதற்கான வங்கி எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பதற்றத்தில் தேடினால் கிடைக்காது.

யார் கேட்டாலும் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) கடவுச்சொல், ஒருமுறைக் கடவுஎண், ஏடிஎம் அட்டை, இவற்றில் எதையும் தராதீர்கள். கைப்பேசித் திரையைப் பகிரச் சொன்னாலோ ஏதாவது செயலியை இறக்கச் சொன்னாலோ அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். அதற்கு மரியாதை பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் கணவர் காட்டிய விளம்பரம்தான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது. உரிமம் பெற்ற கடன்கொடுப்பவர்கள் குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ சமூக ஊடகத்திலோ விளம்பரம் செய்யக்கூடாது. சட்ட அமைச்சின் விதி அது. நேரில் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்துப் பார்க்காமல் கடன் தரவும் கூடாது. அப்படியானால் வாட்ஸ்அப்பில் வந்த அந்தக் கடன் யாருடையது? ஒன்று மோசடி, இல்லையென்றால் ஆலோங், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரர். ஆலோங்கிடம் வாங்கிய பிறகு கதவில் சாயம் ஊற்றுவதும் பூட்டைச் சங்கிலியால் கட்டுவதும் நீங்கள் கேள்விப்படாதது அல்ல. அதைவிடக் கொடுமை, கட்ட முடியாதவரிடம் "உன் ஏடிஎம் அட்டையைக் கொடு, கணக்கைக் கொஞ்ச நாள் பயன்படுத்திக்கொள்கிறோம்" என்பார்கள். கொடுத்தால் அவர்களுடைய தொழிலுக்கு நீங்கள் உதவியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ள முடியும். சிறை, பெரிய அபராதம் என்று போகிற விஷயம் அது. 2024 பிப்ரவரியிலிருந்து, சிங்பாஸ் விவரத்தை இன்னொருவர் குற்றத்துக்குப் பயன்படுத்தக் கொடுப்பதும் தனிக் குற்றம். கடன்காரராக இருந்த உங்கள் கணவர் குற்றவாளியாகிவிடக் கூடாது. ஏற்கெனவே பேச்சு நடந்திருந்தால், 1800-924-5664 என்ற ஆலோங் எதிர்ப்பு எண்ணுக்கு இன்றே அழையுங்கள்.

சரி, உரிமம் பெற்ற கடைக்கே போகலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்கள் மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், கடன் தொகையில் 10 விழுக்காடு வரை கட்டணமும் பிடிக்கலாம். 4,500 வாங்கினால் 450 போய்விட்டுக் கைக்கு 4,050தான் வரும். முதல் மாத வட்டி மட்டுமே 180. உங்கள் கார்டு வட்டியை ஆண்டுக்கு 27 விழுக்காடு என்று வைத்தாலும் மாதம் இரண்டேகால்தான் ஆகிறது. மலிவான கடனை அடைக்க விலை கூடிய கடனை வாங்குவதா?

திவால் மிரட்டலைப் பற்றி. ஒருவரைத் திவாலாக்க விண்ணப்பிக்க, கடன் குறைந்தது 15,000 வெள்ளி இருக்க வேண்டும். உங்களுடையது 11,400. அந்த வாட்ஸ்அப்காரருக்கு இதுகூடத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். ஆனால் அலட்சியமாக இருக்கவும் முடியாது. அதே 27 விழுக்காட்டில் மாதம் சுமார் 256 வெள்ளி வட்டி, அதோடு தாமதக் கட்டணம் நூறு என்று ஏறிக்கொண்டே போனால், பத்து மாதத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

அதற்கு முன்பே வங்கி நீதிமன்றம் போகலாம். நீதிமன்ற ஆவணம் உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டால், அதை வசூல் கடிதம் மாதிரி இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். எதிர்க்கப் போகிறீர்களா என்று சொல்ல 14 நாள்தான். விட்டுவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். பிறகு கணக்கிலிருக்கும் பணத்தைப் பற்றிக்கொள்ள ஆணை கேட்பார்கள். அந்த ஆணை வந்தால், மேலே சொன்ன பூட்டு வசதி எதுவும் தடுக்காது. அது திருடனுக்குத்தான் பூட்டு. மசேநிதிச் (மத்திய சேமநிதி) சேமிப்பில் கைவைக்க முடியாது, கார்டுக் கடனுக்காக வீவக வீட்டைப் பறிக்கவும் முடியாது. இந்த இரண்டையும் நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆவணம் வந்தால், சமூக மன்றங்களில் நடக்கும் இலவச சட்ட ஆலோசனைக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர். லாப நோக்கமற்ற அமைப்பு. எண் 6225 5227. உங்கள் வரவு செலவை வாங்கிப் பார்த்து, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டு, பிணையில்லாத கடன்களுக்கு வங்கிகளிடம் குறைந்த வட்டியில் தவணைத் திட்டம் கேட்டுத் தருவார்கள். வங்கி ஒத்துக்கொள்வது வங்கியின் கையில்தான். ஆனாலும் சம்பளச் சீட்டோடும் தெளிவான கணக்கோடும் போகிறவரிடம் அது பேசும் விதமே வேறு. அந்தப் பக்க மேசையில் உட்கார்ந்து நானே பார்த்தது. போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். சேமிப்பில் இருக்கும் 5,200-ஐ ஒரே மூச்சில் கடனுக்குப் போட்டுவிடாமல், இரண்டு மாதச் செலவை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசுங்கள். கையில் ஒன்றுமில்லாதவர்தான் அடுத்த மாதம் மறுபடி கார்டை எடுப்பார்.

வசூல் நிறுவனத்துக்கு, இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளுங்கள், வீட்டுக்கு வர வேண்டாம், இன்ன தேதியில் கடன் ஆலோசனைக்குப் போகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான்கு வரி போதும். வாட்ஸ்அப்காரருக்குப் பதிலே வேண்டாம். உரையாடலைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு எண்ணைத் தடுத்துவிட்டு, போலீஸில் ஒரு புகார் கொடுத்துவிடுங்கள்.

மாமியார் விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருப்பவர் அவர். பார்சல் என்று நினைத்து அவர் இரும்புக் கதவைத் திறந்துவிட்டால்? வாட்ஸ்அப்காரர் நாளைக்கு அவருக்குப் போன் பண்ணி, "உங்கள் மருமகளைக் காப்பாற்றப் பணம் அனுப்புங்கள்" என்றால், அந்தப் பாவம் தன் சேமிப்பைத் துடைத்துக் கொடுத்துவிட மாட்டாரா? உத்தரவாதக் கையெழுத்துப் போடாதவரை உங்கள் கடனுக்கு அவர் பொறுப்பல்ல என்பதே அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் படுத்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "அத்தே, கார்டுல கொஞ்சம் கடன் ஆயிடுச்சு, நாங்க பாத்துக்கிறோம். யாராவது வந்தா கதவைத் திறக்காம, அவ வேலைக்குப் போயிருக்கா, உங்க கார்டக் கொடுத்துட்டுப் போங்கன்னு மட்டும் சொல்லுங்க. போன்ல யார் பணம் கேட்டாலும் எனக்குக் கூப்பிடுங்க." உங்கள் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர் போன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போங்கள்.